பால்மரமும் காடி எந்திரமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்தது சுவா. இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் மரம் சீவி வாழ்ந்த தமிழர்க்குப் பால்மரம் என்பது பட்டையும் பாலுமே. உள்ளிருக்கும் கட்டை அடுப்புக்கு விறகு. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. அக்கட்டையே பிற்காலத்தில் உலகச் சந்தையில் நாற்காலியாகவும் மேசையாகவும் விலைபோன வரலாறு, தச்சுத்தொழில் பழக விரும்புவோர் அறிய வேண்டுவதொன்று.

1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பார் வாணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891-இலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே, தோட்டங்கள் பெருகியபோது விளைபொருளைத் துறைமுகம் சேர்க்க வழி ஆயத்தமாக இருந்தது. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசு தடைசெய்யும்வரை நீடித்தது. இவை பலரும் அறிந்த செய்திகள்.

பலர் எண்ணிப் பாராதது மரம் சீவுவோரின் கைத்திறன். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, தம் நிரைக்குச் சென்று, இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சாயும் கோட்டில் பட்டையைச் சீவுவர். ஒருமுறைக்கு எடுக்கும் சீவல் ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பே. ஆழம் குறைந்தால் பால் வற்றும். மிகுந்தால் கத்தி வளர்படையைத் தொட்டு மரத்தைப் புண்ணாக்கும். புண்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அங்கே சீவ இயலாது. இந்த ஆழக் கணக்கை அளவுகோலின்றிக் கையே அறிந்து வைத்திருந்தது. தச்சர் இதனைத் தொழில்நுட்பம் என்பர். தோட்டக் கணக்கிலோ இது வெறுங்கூலி.

இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறையவே மரம் வெட்டப்படும். வெட்டிய மரம் எரிக்கப்பட்டது. அல்லது ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கொட்டகைக்கும் செங்கற் சூளைக்கும் விறகாயிற்று. காரணம் உண்டு. இம்மரத்தில் மாச்சத்து மிகுதி. அறுத்த சில நாள்களிலேயே நீலப்பூஞ்சை படரும்; துளைவண்டு குடியேறும். அறுத்தவுடன் வெண்காரத்தைச் சேர்ந்த போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்தி, பின் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே, 1970-களின் இறுதி தொட்டு, இக்கட்டை தளவாடத் தொழிலுக்குரியதாயிற்று. ஜொகூரின் மூவார் நகரம் இத்தொழிலால் பெயர் பெற்றது. 2017-இல் அறுத்த ரப்பர் மரத்தின் ஏற்றுமதியையே மலேசியா தடைசெய்யும் அளவுக்கு அதற்குத் தேவை மிகுந்தது. ஆனால் கட்டை விலைபெற்ற அதே காலத்தில்தான் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. சீவியவர்கள் குடியிருப்புகளை விட்டு வெளியேறினர். மரத்தின் இரண்டாம் வாழ்வில் அவர்களுக்குப் பங்கு கிட்டவில்லை என்பது கசப்பான உண்மை.

இனி, எந்திரம். பலகையில் பள்ளம் எடுக்கத் தச்சர் உளியையும் காடி இழைப்புளியையும் ஆண்டனர். (ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்தை ஔவையார் அதியமானுக்கு உவமை கூறியதைத் தமிழாசிரியர் அறிவர், அச்சக்கரத்திலும் துளையும் பொருத்தும் உளியின் வேலையே.) முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் சிராக்கியூசு நகரத்து ஆர். எல். கார்ட்டர், மின்பொறியின் முனையில் வெட்டலகு பூட்டிக் கையில் பிடித்து வேலை செய்யும் கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1929-இல் அத்தொழிலை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இதுவே ரவுட்டர்.

புதியவர் முதலில் கற்க வேண்டுவது ஆழமே. ஆறு மில்லிமீட்டர்ப் பள்ளம் வேண்டுமெனில் ஒரே ஓட்டத்தில் எடுக்கலாகாது; மும்மூன்றாக இருமுறை எடுக்க வேண்டும். அலகின் தண்டை அடிவரை திணிக்காமல் சிறிது மேலே தூக்கி இறுக்குதல் நலம். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரே அலகை மாற்ற வேண்டும். மேலிருந்து நோக்க அலகு வலஞ்சுழியாகச் சுழலும். ஆதலால் பலகையின் வெளிவிளிம்பில் கருவியை இடஞ்சுழியாகவும், சட்டத்தின் உள்விளிம்பில் வலஞ்சுழியாகவும் செலுத்துக. மாறிச் செலுத்தினால் கருவி கையை இழுத்துக்கொண்டு ஓடும். பெரிய அலகுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். நான்கு பக்கமும் விளிம்பு எடுப்பதாயின், நார் முடியும் குறுக்குப் பக்கத்தை முதலிலும் நெடும்பக்கத்தைப் பின்பும் எடுத்தால், மூலையில் பிய்ந்த சிம்பு இரண்டாம் ஓட்டத்தில் மறையும். கண்ணாடியும் மூக்கு மறைப்பும் இன்றித் தொடங்குவது அறியாமை.

பழகுவதற்கு ரப்பர்க் கட்டை ஏற்றது. மிகக் கடினமும் அன்று, மென்மையும் அன்று. வெளிர்நிறமாதலின் பிழை உடனே கண்ணிற் படும். ஓரிடத்தில் கருவியைத் தயங்க விட்டால் கருகிய தழும்பு தோன்றும். சில பலகைகளில் பழைய பால் உறைந்து நிற்கும். அது வெட்டலகில் பிசினாக ஒட்டிக் கூர்மையைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் அதனைத் துடைத்தெடுத்த பின்பே அலகைப் பெட்டியில் வைக்க வேண்டும்.