ஜான் மார்ஷல்

ஜான் மார்ஷல் (1755–1835) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நான்காவது பிரதம நீதிபதி. 1801 பிப்ரவரியில் பதவிப் பிரமாணம் செய்துகொண்டது முதல் 1835 ஜூலையில் உயிர் நீத்தது வரை 34 ஆண்டுகள் அந்தப் பீடத்தில் வீற்றிருந்தவர். அவருக்கு முன்னும் பின்னும் வேறெவரும் அத்தனை நீண்ட காலம் அப்பதவியை வகித்ததில்லை. அவர் வந்து சேர்ந்தபோது சுப்ரீம் கோர்ட்டுக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வாஷிங்டன் நகரில், காங்கிரஸ் மாளிகையின் ஒரு சிறிய கமிட்டி அறையை அதற்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். முதல் பிரதம நீதிபதியாக இருந்து விலகிய ஜான் ஜே, அதே பதவி இரண்டாம் முறை தம்மைத் தேடி வந்தபோது, அந்த நியாயஸ்தலத்துக்கு வலிமையும் இல்லை, ஜனங்களிடம் மதிப்பும் இல்லை என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார். சேனையும் பொக்கிஷமும் கைவசமில்லாத அந்த ஸ்தாபனத்தை, தர்க்கத்தின் பலம் ஒன்றைக்கொண்டே அரசாங்கத்தின் சரிநிகரான மூன்றாவது அங்கமாக உயர்த்தி நிறுத்தியது மார்ஷலின் சாதனை.

அவர் 1755 செப்டம்பர் 24-ஆம் தேதி, அன்று பிரிட்டிஷ் குடியேற்ற நாடாக இருந்த விர்ஜீனியாவின் மேற்கெல்லைப் பிரதேசத்தில், பதினைந்து குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தை தாமஸ் மார்ஷல் நில அளவைத் தொழில் செய்தவர்; அத்தொழிலின் வாயிலாக ஜார்ஜ் வாஷிங்டனுக்கு நண்பரானவர். தாய் மேரி கீத், விர்ஜீனியாவின் பிரபல ராண்டால்ஃப் வம்சத்தின் வழிவந்தவர். பின்னாளில் மார்ஷலுக்கு வாழ்நாள் விரோதியாக விளங்கிய தாமஸ் ஜெபர்ஸனின் தாயும் அதே வம்சத்தினரே. ஆதலால் அவ்விருவரும் உறவினர்கள். பள்ளிப் படிப்பு மார்ஷலுக்கு மிகக் குறைவு. தந்தையே பிரதான ஆசிரியர். பன்னிரண்டு வயதில் அலெக்ஸாண்டர் போப்பின் கவிதைகளைக் கையால் பிரதி எடுத்ததும், தந்தை சந்தா கட்டி வரவழைத்த பிளாக்ஸ்டனின் சட்ட வியாக்கியானத்தைப் புரட்டிப் பார்த்ததுமே அவருடைய பால்யக் கல்வி.

சுதந்திர யுத்தம் மூண்டதும் இருபது வயது வாலிபராகச் சேனையில் சேர்ந்து, கிரேட் பிரிட்ஜ், பிராண்டிவைன், ஜெர்மன்டவுன், மான்மத் ஆகிய போர்க்களங்களைக் கண்டார். 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் படை பட்டினியிலும் பனியிலும் வாடியபோது அவரும் அங்கே இருந்தார். தாய் பின்னி அனுப்பிய நீலக் காலுறையின் குதிகால் பகுதி வெண்ணூலால் ஆகியிருந்தது. அதை அணிந்து பந்தயம் ஓடிய அவரைத் தோழர்கள் ‘வெள்ளிக் குதிகால்’ என்று அழைத்தார்களாம். முகாமில் சிப்பாய்களின் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் சட்ட அதிகாரியாகவும் இருந்தார். அந்தக் குளிர்காலத்தை ஆராயாமல் மார்ஷலின் தீர்ப்புகளைப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் துணிபு. காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாததாலும், பதின்மூன்று ராஜ்யங்களும் தத்தம் பங்கைச் செலுத்தாமல் காலங்கடத்தியதாலும் அந்தச் சேனை செருப்பில்லாமல் பனியில் நின்றது. வலிவற்ற மத்திய அரசாங்கம் என்பது எத்தகைய துன்பம் என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, உடம்பால் உணர்ந்தார். அமெரிக்காவையே தம் தேசமாகவும் காங்கிரஸையே தம் அரசாங்கமாகவும் கருதும் பழக்கம் அந்நாட்களிலேயே தமக்கு ஏற்பட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

1780-ல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் நிகழ்த்திய சட்டப் பிரசங்கங்களைச் சிறிது காலம் கேட்டார். முறையான சட்டக் கல்வி அவ்வளவே. அக்காலத்து அவருடைய குறிப்புப் புத்தகம் இன்றும் இருக்கிறது. சட்டக் குறிப்புகளுக்கிடையே, அவர் மனத்தைக் கவர்ந்திருந்த பாலி ஆம்ப்ளர் என்னும் பெண்ணின் பெயர் ஆங்காங்கே கிறுக்கப்பட்டிருப்பதை அதில் காணலாம். 1783 ஜனவரியில் அவளை மணந்து, ரிச்மண்ட் நகரில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே முன்னணிக்கு வந்தார். 1788-ல் புதிய அரசியல் சட்டத்தை ஏற்பதா என்று விர்ஜீனியா மாநாடு விவாதித்தபோது, பாட்ரிக் ஹென்றி போன்ற வாக்வல்லவர்களின் எதிர்ப்புக்கிடையே அச்சட்டத்தின் நீதித்துறைப் பகுதியை ஆதரித்துப் பேசினார். சுப்ரீம் கோர்ட்டின் முன் வக்கீலாக அவர் வாதித்த வழக்கு ஒன்றே. 1796-ல் முடிந்த அவ்வழக்கில் அவர் பக்கம் தோற்றது. 1797-ல் பாரிஸுக்குத் தூது சென்ற மூவருள் ஒருவராக, பேச்சு வார்த்தை தொடங்கவே லஞ்சம் கேட்ட பிரெஞ்சு மந்திரி தலேரானின் தரகர்களுக்கு மறுப்புச் சொல்லித் திரும்பியதால் அவருடைய கீர்த்தி நாடெங்கும் பரவியது. பிறகு, வாஷிங்டனின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் காங்கிரஸ் அங்கத்தினரானார். 1800-ல் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் ராஜாங்க மந்திரியானார்.

அவ்வாண்டுத் தேர்தலில் ஆடம்ஸின் பெடரலிஸ்டுக் கட்சி தோற்று, ஜெபர்ஸனின் கட்சி வென்றது. பதவியிலிருந்து இறங்குமுன் ஆடம்ஸ் செய்த காரியங்களுள் இரண்டு வரலாற்றில் நிலைத்தன. ஒன்று, ஜே மறுத்த பிரதம நீதிபதி பதவிக்கு மார்ஷலை நியமித்தது. மற்றொன்று, தம் கட்சியினர் பலரைக் கடைசி நாட்களில் நீதி உத்தியோகங்களில் அவசரமாக அமர்த்தியது. அந்த நியமனப் பத்திரங்களில் முத்திரையிட்டு அனுப்ப வேண்டியவர், ராஜாங்க மந்திரி பதவியையும் இன்னும் விடாமல் வகித்து வந்த மார்ஷல்தான். நேரம் போதவில்லை, முத்திரையிட்ட பத்திரங்கள் சில காரியாலயத்திலேயே தங்கிவிட்டன. 1801 மார்ச் 4-ஆம் தேதி மார்ஷலின் கையாலேயே பிரமாணம் ஏற்ற ஜெபர்ஸன், அவற்றைக் கொடுக்கவேண்டாமென்று நிறுத்தினார். கொலம்பியா மாவட்டத்தில் சமாதான நீதிபதியாக நியமனம் பெற்றிருந்த வில்லியம் மார்பரி, தமக்குரிய பத்திரத்தைத் தரும்படி புதிய மந்திரி ஜேம்ஸ் மாடிஸனுக்கு உத்தரவிடக் கோரி நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தார்.

இவ்வழக்கு மார்ஷலுக்கு இருபுறமும் ஆபத்தாக வந்தது. உத்தரவிட்டால் ஜெபர்ஸனின் அரசாங்கம் அதைப் புறக்கணிக்கும் என்பது நிச்சயம். கோர்ட்டின் இயலாமை உலகறிய வெளிப்படும். உத்தரவிட மறுத்தால் பயந்து பணிந்ததாகவே பொருள்படும். புதிய காங்கிரஸோ 1802-ல் கோர்ட்டின் கூட்டத்தொடர்களையே மாற்றியமைத்து, பதினான்கு மாத காலம் அது கூடவே முடியாதபடி செய்திருந்தது. 1803 பிப்ரவரி 24-ஆம் தேதி, நீதிபதி சாமுவேல் சேஸ் நோயுற்றிருந்தமையால் நீதிபதிகள் தங்கியிருந்த விடுதியின் கூடத்திலேயே மார்ஷல் தீர்ப்பை வாசித்தார். மார்பரிக்குப் பத்திரத்தின்மேல் உரிமை உண்டா? உண்டு. உரிமை மீறப்பட்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு, மந்திரியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. ஆனால் அந்தப் பரிகாரத்தை இந்தக் கோர்ட்டு நேரடியாக வழங்கலாமா? 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வழங்கலாம் என்கிறது. அரசியல் சட்டமோ சுப்ரீம் கோர்ட்டு முதல் விசாரணை செய்யத்தக்க வழக்குகளை வரையறுத்துவிட்டது, அவற்றுள் இது அடங்காது. இரண்டும் முரண்படும்போது, ஜனங்கள் வகுத்த மூல சாசனத்துக்குக் காங்கிரஸ் இயற்றிய சாதாரணச் சட்டம் தாழ்ந்தே தீரவேண்டும். சட்டம் எது என்று சொல்லுவது நீதிபதியின் கடமை. ஆகவே அந்தப் பிரிவு செல்லாது, மார்பரியின் மனு தள்ளப்படுகிறது.

தீர்ப்பின் விளைவாக ஜெபர்ஸன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எனவே அவர் கீழ்ப்படியாமல் இருக்கவும் வழியில்லை. ஒரு சிறிய அதிகாரத்தைத் தனக்கு வேண்டாமென்று துறந்த அதே மூச்சில், காங்கிரஸின் சட்டங்களைப் பரிசீலித்து ரத்துச் செய்யும் பேரதிகாரத்தைக் கோர்ட்டு நிலைநாட்டிக்கொண்டது. அக்கருத்து மார்ஷலின் புதுக் கண்டுபிடிப்பு என்பது சரியன்று. அலெக்ஸாண்டர் ஹாமில்டன் முன்பே அதை விளக்கி எழுதியிருந்தார். அதைத் தேசத்தின் உயர்ந்த நியாயஸ்தலத்தின் முடிவாக, எதிரியும் மீற இயலாத வடிவத்தில் வழங்கிய சாமர்த்தியமே மார்ஷலுடையது. தாமே முத்திரையிட்ட பத்திரத்தைப் பற்றிய வழக்கைத் தாமே விசாரித்தது முறையா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. அதற்கு முழுத் திருப்தியான விடை கிடையாது. மார்ஷல் காலத்தில் காங்கிரஸின் சட்டம் வேறொன்றும் ரத்துச் செய்யப்படவில்லை.

முன்னாட்களில் ஒவ்வொரு நீதிபதியும் இங்கிலாந்தின் வழக்கப்படி தனித்தனியே தம் அபிப்பிராயத்தை வாசிப்பார். மார்ஷல் அதை மாற்றி, கோர்ட்டின் தீர்ப்பு என்று ஒரே குரலில் ஒன்றை வெளியிடச் செய்தார். கூட்டத்தொடரின்போது நீதிபதிகள் அனைவரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேஜையில் உண்டு, வழக்குகளை அங்கேயே பேசித் தீர்ப்பது வழக்கமாயிற்று. ஜெபர்ஸனும் அவருக்குப் பின்வந்த மாடிஸனும் நியமித்த எதிர்க்கட்சி நீதிபதிகளும் அந்த மேஜையில் சில ஆண்டுகள் அமர்ந்த பின் அவரோடு ஒத்துப்போனார்கள். அவர்களுள் ஜோஸப் ஸ்டோரி அவருடைய ஆப்த நண்பராகவும் சிஷ்யராகவும் ஆனார். கோர்ட்டின் தீர்ப்புகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை மார்ஷலே எழுதினார். அரசியல் சட்டம் பற்றிய வழக்குகளில் சகாக்களின் முடிவை ஏற்காமல் அவர் எதிர்த்து எழுதியது 1827-ல் ஒரே முறைதான்.

பெரிய வழக்குகளுள் மேரிலாந்து பாங்கு வழக்கு (1819) தலைசிறந்தது. காங்கிரஸ் ஸ்தாபித்த தேசிய பாங்கின் பால்டிமோர் கிளையின்மீது மேரிலாந்து ராஜ்யம் வரி விதித்தது. காசாளர் ஜேம்ஸ் மக்கல்லக் செலுத்த மறுத்தார். பாங்கு என்ற சொல்லே அரசியல் சட்டத்தில் கிடையாது என்பது மேரிலாந்தின் வாதம். அரசியல் சட்டம் அற்ப விவரங்களையெல்லாம் அடுக்கும் சட்டப் புத்தகமன்று, வருங்காலத் தலைமுறைகளின் தேவைகளுக்கும் இடங்கொடுக்க வகுக்கப்பட்ட சாசனம் என்றார் மார்ஷல். நோக்கம் நியாயமானதாயின், அதற்கு இசைந்த மார்க்கத்தைத் தேர்ந்துகொள்ளக் காங்கிரஸுக்கு உரிமை உண்டு. வரி விதிக்கும் அதிகாரம் அழிக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கியதாகையால், ஓர் அங்கமான ராஜ்யம் முழுமையான தேசத்தின் கருவிக்கு வரி விதிக்க முடியாது. விர்ஜீனியப் பத்திரிகைகள் இத்தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்தபோது, பிரதம நீதிபதியே புனைபெயரில் பத்திரிகைக் கட்டுரைகள் எழுதி அதை ஆதரித்து வாதாடினார். அத்தீர்ப்பின்மீது அவருக்கிருந்த பற்றுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

1824-ல் முடிந்த கிப்பன்ஸ்–ஆக்டன் வழக்கில், நியூயார்க் ராஜ்யம் தன் நீர்நிலைகளில் நீராவிக் கப்பல் விடும் ஏகபோகத்தைச் சிலருக்கே அளித்தது செல்லாது என்றும், ராஜ்யங்களுக்கிடையிலான வாணிகத்தில் கப்பல் போக்குவரத்தும் அடங்கும் என்றும் தீர்ப்பளித்தார். ஏகபோகத்தை வெறுத்த ஜனங்கள் இதை ஆரவாரத்தோடு வரவேற்றனர். ஜார்ஜியாவின் நிலப் பட்டாக்களைப் பற்றிய 1810-ஆம் ஆண்டு வழக்கும், டார்ட்மத் கல்லூரிச் சாசனத்தைப் பற்றிய 1819-ஆம் ஆண்டு வழக்கும் ஒப்பந்தங்களை ராஜ்யங்கள் தம் விருப்பப்படி முறிக்க முடியாதென்று நிறுவின. ரிச்மண்டில் 1807-ல் நடந்த, முன்னாள் உப ஜனாதிபதி ஆரன் பர்ரின் தேசத்துரோக வழக்கில், இரு சாட்சிகளால் நிரூபிக்கப்பட்ட பிரத்தியட்சமான செய்கை இன்றித் துரோகக் குற்றம் நிலைக்காது என்று விதித்து, தண்டனையை எதிர்பார்த்திருந்த ஜெபர்ஸனின் கோபத்துக்கு மீண்டும் ஆளானார்.

சொத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் காட்டிய இந்தப் பரிவை அடிமைகளுக்கு அவர் காட்டவில்லை. தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் அவர். 1813-ல் மிமா குவீன் என்னும் பெண், தன் மூதாதை சுதந்திரப் பெண்மணி என்று வழிவழியாகக் கேட்டறிந்தோர் சொல்லும் சாட்சியத்தைக்கொண்டு விடுதலை கோரியபோது, செவிவழிச் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்று தள்ளினார். சக நீதிபதி கேப்ரியல் டுவால் மட்டும் இதை மறுத்து எழுதினார். ஆதலால் வேறு முடிவு அக்காலத்தவர் எவருக்கும் தோன்றியிராது என்று சமாதானம் சொல்ல இடமில்லை. 1825-ல் அடிமை வியாபாரம் இயற்கை நீதிக்கு விரோதம் என்று ஒப்புக்கொண்டும், சர்வதேசச் சட்டத்துக்கு விரோதமன்று என்றார். தேசத்தின் சாசனத்தை அத்தனை விசாலமாக வாசித்த கண்கள் இங்கே மட்டும் குறுகிப்போனது வருந்தத்தக்கது.

செரோக்கி என்னும் பூர்வகுடி ஜனங்களின் வழக்குகளில் அவருடைய நிலை வேறு. 1831-ல் அவர்கள் வெளிநாட்டார் அல்லர் என்று சொல்லி வழக்கைக் கேட்க மறுத்தவர், மறு ஆண்டு சாமுவேல் வூஸ்டர் என்னும் பாதிரியாரைச் சிறையிலிட்ட ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி பூமியில் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஜார்ஜியா பொருட்படுத்தவில்லை, ஜனாதிபதி ஆண்ட்ரு ஜாக்ஸனும் அதற்கு உதவ முன்வரவில்லை. மார்பரி வழக்கில் மார்ஷல் அஞ்சித் தவிர்த்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்தே விட்டது. 1838-39-ல் செரோக்கிகள் பலாத்காரமாக மேற்கே விரட்டப்பட்டு, வழியில் ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தனர்.

உயரமான மெலிந்த உருவம், கவலையின்றி அணிந்த உடை, எவரோடும் எளிதில் பழகும் சுபாவம் கொண்டவர் அவர். ரிச்மண்டின் மனமகிழ் மன்றத்தில் இரும்பு வளையத்தைக் குறிக்கு எறியும் விளையாட்டில் அவருக்கு அளவற்ற ஆசை. அவருடைய சித்திரத்தைத் தீட்டிய செஸ்டர் ஹார்டிங் அங்கே சென்றபோது, பிரதம நீதிபதி மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டு, எந்த வளையம் குறிக்கு நெருங்கியது என்று துரும்புகொண்டு அளந்துகொண்டிருந்தாராம். மனைவி பாலி நெடுங்காலம் நரம்பு நோயால் சிறு சத்தத்தையும் தாங்காதவளாக இருந்தாள். வீட்டில் அவர் மெல்லவே நடப்பார். அவள் 1831 டிசம்பர் 25-ல் மறைந்த துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. 1835 ஜூலை 6-ஆம் தேதி, சிகிச்சைக்காகச் சென்றிருந்த பிலடெல்பியாவில் காலமாகி, ரிச்மண்டில் அவளருகே அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு நாள் முன்பு தாமே எழுதிய கல்லறை வாசகத்தில் தம் பெற்றோர், பிறப்பு, விவாகம் ஆகியவற்றைக் குறித்தாரேயன்றி, வகித்த பதவிகளுள் ஒன்றையும் குறிக்கவில்லை.

அவர் நிலைநாட்டிய சட்டப் பரிசீலனை அதிகாரத்தை அமெரிக்கா கடந்து பல தேசங்கள் ஏற்றன. இந்திய அரசியல் சட்டம் அதை 13-ஆம் ஷரத்தில் வெளிப்படையாகவே எழுதி வைத்தது. சென்னை ராஜ்யத்துக்கும் வி. ஜி. ராவுக்கும் நடந்த வழக்கில் 1952-ல் தீர்ப்பளித்த பிரதம நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, இந்திய நியாயஸ்தலங்களுக்கு இது அரசியல் சட்டமே விதித்த கடமை என்று அமெரிக்க நிலையோடு ஒப்பிட்டு விளக்கினார். அமெரிக்காவில் சுப்ரீம் கோர்ட்டு காங்கிரஸின் சட்டமொன்றை இரண்டாம் முறையாகச் செல்லாததாக்கியது 1857-ல், டிரெட் ஸ்காட் என்னும் அடிமையின் வழக்கில். மார்ஷலின் வாரிசாக வந்த ராஜர் டானி அவ்வதிகாரத்தை அடிமைமுறைக்கு ஆதரவாகவே பிரயோகித்தார். அண்மையில் வரலாற்றாசிரியர்கள் மார்ஷலின் அடிமை உடைமையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டபின், அவர் பெயரைத் தாங்கியிருந்த சிகாகோ சட்டக் கல்லூரி 2021-லும், கிளீவ்லாந்து சட்டக் கல்லூரி 2022-லும் அப்பெயரை நீக்கிக்கொண்டன; அங்கே மார்பரி வழக்கின் தீர்ப்பைப் பாடமாக நடத்துவது மட்டும் நிற்கவில்லை.