ஆப்பிள் காடியும் ரப்பர் சூக்காவும்



இன்று நம் இல்லங்கள் பலவற்றில் ஆப்பிள் காடிப் புட்டியைக் காண்கிறோம். 1958-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்விஸ் நாட்டு மருத்துவம் பற்றி எழுதிய நூல் அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. ஆயினும் காடி நமக்குப் புதிதன்று. கள் புளித்தால் காடியாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆப்பிள் சாறும் அவ்வாறே முதலில் மதுவாகிப் பின்னர் புளிக்கிறது. அம்மதுவை அசெட்டிக் அமிலமாக மாற்றுபவை நுண்ணுயிர்களே என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1864-இல் எடுத்துக்காட்டினார்.

இதே அசெட்டிக் அமிலத்திற்கு நம் தோட்டப்புற வரலாற்றிலும் இடமுண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டுமென விரும்புகிறேன். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. பின்னர் மேரு, கிள்ளான் வட்டாரங்களிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் மக்கள் விடியுமுன் மரம் வெட்டிப் பால் சேகரித்தனர். அப்பாலை உறைய வைப்பது எப்படி? இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் பார்க்கின், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசெட்டிக் அமிலத்தைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். பசும்பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிவது போல, அமிலம் கலந்த ரப்பர்ப் பாலும் திரண்டு கட்டியாகிறது. அதனை உருளையில் அழுத்தித் தகடாக்கிப் புகைக்கூடத்தில் உலர்த்தினர்.

பிற்காலத்தில் ஃபார்மிக் அமிலம் இப்பணிக்குப் பெரிதும் பயன்படலாயிற்று. அது மேலும் வலிமையானது, சிறிதளவே போதும். இங்குதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். மலாய் மொழியில் சமையல் காடிக்கும் 'சூக்கா' என்றே பெயர். ரப்பர் அமிலத்திற்கும் 'சூக்கா கெத்தா' என்று பெயர். பெயர் ஒன்றுபோல் இருப்பினும் தன்மை வேறு. ஆப்பிள் காடியில் அமிலம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ரப்பர் அமிலமோ மிகுந்த செறிவுடன் விற்கப்படுவது. நீர் கலந்தே பாலில் ஊற்றுவர். அதனை விழுங்கினால் தொண்டையும் இரைப்பையும் வெந்துபோகும்; உயிருக்கே கேடு நேரும். கேரளத்தின் ரப்பர் விளையும் பகுதிகளில் நேர்ந்த இத்தகைய மரணங்களை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே, ரப்பர் அமிலத்தை ஒருபோதும் குடிநீர்ப் புட்டியிலோ பானப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் தவறி அருந்திவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆப்பிள் காடியையும் நீர் கலக்காமல் அருந்துதல் நன்றன்று; பற்களின் மேற்பூச்சை அது அரிக்கும்.

வகுப்பில் அமிலம் பற்றிப் பாடம் நடத்தும்போது தோட்டத்தில் பால் உறைந்த கதையையும் சொல்லுங்கள். தாத்தா பாட்டியின் உழைப்பில் அறிவியல் இருந்ததை நம் பிள்ளைகள் உணர்வார்கள். 'சூக்கா' என்னும் ஒரே பெயருக்குள் உணவும் நஞ்சும் இருப்பதையும் அறிந்துகொள்வார்கள்.