மயக்கமும் கையெழுத்தும்

ராபின் குக்கின் ‘கோமா’ 1977இல் வந்தது. பாஸ்டன் ஆஸ்பத்திரியொன்றின் எட்டாம் எண் அறுவைசிகிச்சைக் கூடத்தில் நோயாளிகளுக்குக் கார்பன் மோனாக்ஸைடு செலுத்தப்படுகிறது. மூளை செத்த உடல்களின் உறுப்புகள் ஏலம் போகின்றன. மருத்துவத் திகில் நாவலுக்கு உருவம் தந்தது இதுதான். அந்த உருவத்துக்கு ஒரு சதிகாரன் தேவை. பலியாகிறவன் பிரக்ஞையற்றுக் கிடக்கவேண்டும்.

நம் சரித்திரம் வேறு. சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்றே ஒரு காலத்தில் பெயர். விற்றவர்கள் விழித்திருந்து கையெழுத்திட்டார்கள். 1994ஆம் வருஷச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடை செய்தது. சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001இல் சென்னையில் விசாரித்தார்கள். கடனடைக்க விற்றவர்கள் 96 சதவீதம். அவர்களில் 74 சதவீதத்தினருக்குக் கடன் தீரவில்லை. விற்றவர்களின் குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

மத்தூரில் வங்கிக் குமாஸ்தாவாகக் கடன் பேரேடுகளோடு பகலைக் கழிக்கும் எனக்கு, குக்கின் நாவலைவிட இந்த எண்களே திகிலூட்டுகின்றன. இங்கே விஷவாயு வேண்டாம், வட்டி போதும். தரகன் உண்டு. அவன் பிடிபட்டாலும் கதை முடிவதில்லை, கடன் அப்படியே நிற்கிறது. மர்மமில்லாத இக்கொடுமையைத் துப்பறியும் கதையாக எழுதினால் பொய்யாகிவிடும். இதற்கான உருவத்தை நம் உரைநடை இன்னும் கண்டடையவில்லை என்றே எனக்குப் படுகிறது.