ஆசானும் டாக்டரும்

பனையிலிருந்து விழுந்தவனையோ, கைமூட்டு பிசகியவனையோ பார்த்தால் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஆசானிட்ட காட்டியாச்சா?" என்பதுதான். ஆசான் என்றால் வாத்தியார் என்று படித்து வந்த வெளியூர்க்காரர் விழிப்பார். இங்கே ஆசான் என்பவர் வர்ம வைத்தியர்.

விந்தை என்னவென்றால், டாக்டர் என்ற சொல்லுக்கும் வாத்தியார் என்பதே மூலப்பொருள். லத்தீனில் 'டொக்கேரே' என்றால் கற்பித்தல், 'டொக்தோர்' கற்பிப்பவர். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய துறைகளில் பாடம் சொல்லத் தகுதி பெற்றவருக்கு வழங்கிய பட்டம் அது. நோயாளிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவரிடம் "நீங்க ஊசி போடுற டாக்டரா, காலேஜ் டாக்டரா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம். வரலாற்றின்படி பார்த்தால் சொல்லுக்கு மூத்த உரிமை காலேஜ் டாக்டருக்குத்தான். எம்.பி.பி.எஸ். என்பது இளங்கலைப் பட்டம். அதை முடித்தவரை டாக்டர் என்பது வழக்கத்தால் வந்த மரியாதை.

அந்த மரியாதையும் எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் அறுவை மருத்துவர்களை இன்றும் 'மிஸ்டர்' என்றுதான் அழைக்கிறார்கள். லண்டனில் 1540 முதல் 1745 வரை அவர்களும் நாவிதர்களும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். கத்தி பிடித்தவர் பல்கலைக்கழகம் போனவரில்லை, அதனால் டாக்டரும் இல்லை. நம் பக்கத்திலும் நாவிதரே கட்டி கீறினார். அவர் வீட்டுப் பெண் பிரசவம் பார்த்தாள். அவருக்கு மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்கள், அவளுக்கு மருத்துவச்சி. பெயரில் உயர்த்திவிட்டுப் பந்தியில் தள்ளி வைத்தது நம் ஊர்.

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்டு சாமர்வெல் அங்கே பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தார். தம் நாட்டு வழக்கப்படி அவர் மிஸ்டர் சாமர்வெல். நெய்யூருக்கு வந்ததும் டாக்டர்.

வைத்தியர் என்ற சொல்லும் அறிவின் வழியில் வந்ததே. 'வித்' என்ற வடமொழி வேருக்கு அறிதல் என்று பொருள். ஆசானை 'ஆசாரிய' என்பதன் திரிபாகக் கொள்வது பொதுக்கருத்து. ஆசு இரிப்பவர், அதாவது குற்றம் போக்குபவர், ஆசிரியர் என்ற விளக்கம் வகுப்பில் சொல்ல நன்றாக இருக்கும், அவ்வளவே.

ஆனால் வர்ம வைத்தியருக்கு ஆசான் பட்டம் சும்மா வந்ததல்ல. களரியில் சிலம்பமும் அடிமுறையும் சொல்லிக் கொடுப்பவர் அவரே. வர்மம் எனும் உயிர்நிலைகள் 108 என்பார்கள்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தொட்டால் ஆள் விழுவான் என்று கற்பிப்பவருக்கு, விழுந்தவனை எழுப்பும் அடங்கலும் இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும். தடவலும் தைலமும் எண்ணெயும் அந்தப் பாடத்தின் பின்பகுதி. டாக்டர் என்ற சொல் நோயாளியிடம் வந்து சேர்ந்தபோது பாடம் சொல்லும் வேலையை வழியிலேயே விட்டுவிட்டது; ஆசான் இரண்டையும் விடவில்லை. அந்த வகையில் டாக்டர் என்ற பெயர் முழுசாகப் பொருந்துவது அவருக்குத்தான்.

இன்று வர்மம் சித்த மருத்துவப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. இம்மாவட்டத்தில் முஞ்சிறையிலேயே சித்த மருத்துவக் கல்லூரி உண்டு. படித்து முடித்து வருகிறவர்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது டாக்டர் என்றுதான்.