படகு இயந்திரக் குளிர்விப்பு நீரோட்டக் கோளாறுகள்

படகு இயந்திரக் குளிர்விப்பு நீரோட்டக் கோளாறுகள் என்பன படகின் இயந்திரத்தைக் (எஞ்சின்) குளிர்விப்பதற்காக வெளியிலிருந்து உறிஞ்சப்படும் நீர் போதிய அளவில் செல்லாமல் தடைப்படுவதால் ஏற்படும் பழுதுகள் ஆகும். இவற்றின் பொதுவான விளைவு இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாதல் ஆகும். கவனிக்காமல் விட்டால் உலக்கை (பிஸ்டன்) உருளையினுள் இறுகிப் பிடித்துக்கொண்டு இயந்திரம் முற்றிலும் நின்றுவிடும். சாலையில் நின்ற வண்டியைப் போலன்றி, கடலில் இயந்திரம் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் செல்லும். எனவே இக்கோளாறு பொருட்செலவு மட்டுமன்றி உயிராபத்தும் சார்ந்தது.

இயந்திரம் சூடாகிவிட்டது என்பதைக் கொண்டு மட்டும் தடை எங்கே உள்ளது என்று கூற இயலாது. நீர் உள்ளே நுழையும் இடம் முதல் வெளியேறும் இடம் வரை அதன் பாதையை வரிசையாகப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு பகுதியாகச் சோதிப்பதே பழுதைக் கண்டறியும் முறையாகும்.

குளிர்விப்பின் தேவை

உள்ளெரி இயந்திரம் ஒன்றில் எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேறுகின்றது; மற்றொரு பகுதி இயந்திரத்தின் உலோகத்தைச் சூடாக்குகின்றது. தரை வண்டிகளில் இவ்வெப்பத்தை ரேடியேட்டரின் வழியாகக் காற்று எடுத்துச் செல்கின்றது. மூடிய அறைக்குள் இருக்கும் படகு இயந்திரத்திற்குக் காற்றோட்டம் குறைவு. ஆனால் சுற்றிலும் நீர் உண்டு. ஆகவே பெரும்பாலான படகு இயந்திரங்கள் நீரைக் கொண்டே குளிர்விக்கப்படுகின்றன. காற்றால் குளிரும் சிறு இயந்திரங்களும், படகின் அடியில் பொருத்திய மூடிய குழாய்களில் நீரைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் அமைப்புகளும் உள்ளன. அவை இக்கட்டுரையில் விரித்துரைக்கப்படவில்லை.

குளிர்விப்பு வகைகள்

நேரடிக் குளிர்விப்பு: இதில் கடல்நீரோ ஆற்றுநீரோ இயந்திரத்தின் உட்புறப் பாதைகளில் நேராகச் சென்று வெளியேறுகின்றது. படகின் பின்புறத்தில் வெளியே தொங்கும் வெளியிணைப்பு இயந்திரங்கள் (அவுட்போர்டு மோட்டார்) பொதுவாக இவ்வகையின. நார்வேயில் பிறந்த அமெரிக்கரான ஓலே எவின்ரூட் 1909 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தின் வெற்றிக்குப் பின்னர் வெளியிணைப்பு இயந்திரங்கள் பரவலாயின.

மறைமுகக் குளிர்விப்பு: இதில் இயந்திரத்தினுள் நன்னீரும் உறைதடுப்பு நீர்மமும் கலந்த கலவை மூடிய சுற்றில் ஓடுகின்றது. வெளிநீர் வெப்பப் பரிமாற்றி என்னும் குழாய்த் தொகுதியின் வழியே சென்று அக்கலவையின் வெப்பத்தைப் பெற்றுக்கொள்கின்றது. படகினுள்ளே பொருத்தப்படும் டீசல் இயந்திரங்கள் பல இவ்வகையின. வெப்பப் பரிமாற்றியைத் தாண்டிய கடல்நீர் புகைக்குழாயினுள் பாய்ச்சப்பட்டு, புகையையும் குளிர்வித்து அதனுடன் வெளியேறுகின்றது.

கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் சுண்ணாம்பு சார்ந்த சில, வெப்பம் கூடும்போது கரைதிறன் குறைந்து உலோகச் சுவரில் படிகின்றன. இதனால் கடல்நீர் நேராக ஓடும் இயந்திரங்களில் தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வு பொதுவாக 50 முதல் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே திறக்குமாறு அமைக்கப்படுகின்றது. நன்னீர்ச் சுற்றுள்ளவற்றில் அது 70 முதல் 85 பாகை வரை இருக்கலாம். ஒன்றிற்குரிய தெர்மோஸ்டாட்டை மற்றொன்றில் பொருத்துவதும் கோளாறுக்குக் காரணமாகும்.

நீரின் பாதை

உள்ளிணைப்பு டீசல் இயந்திரத்தில் கடல்நீர் பொதுவாகப் பின்வரும் வரிசையில் செல்கின்றது:

1. படகின் அடித்தட்டில் உள்ள நுழைவாயிலும் அதன் அடைப்பு வால்வும்
2. வடிகட்டி
3. கடல்நீர்ப் பம்பு
4. எண்ணெய், கியர்ப்பெட்டி ஆகியவற்றிற்கான குளிர்விப்பான்கள் (இருப்பின்)
5. வெப்பப் பரிமாற்றி
6. புகைக்குழாயின் வளைவு (எல்போ)
7. வெளியேறும் வாய்

வெளியிணைப்பு இயந்திரத்தில் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் கியர்ப்பெட்டியின் பக்கத் துளைகள் வழியாக நீர் நுழைகின்றது. அதற்கு மேலே செங்குத்துத் தண்டில் பொருத்தப்பட்ட பம்பு அதனை இயந்திரத் தலைப்பகுதிக்கு ஏற்றுகின்றது. சிறு பகுதி நீர் பின்புறத் துளையொன்றின் வழியாகத் தாரையாகப் பீய்ச்சுகின்றது. இவ்வடையாளத் தாரையைப் பார்த்தே படகோட்டுபவர் பம்பு இயங்குவதை அறிந்துகொள்கின்றார்.

இரு வகைகளிலும் பம்பின் உள்ளே இம்பெல்லர் எனப்படும் ரப்பர் இதழ்ச்சக்கரம் சுழல்கின்றது. இது வட்டமான அறையின் நடுவில் அமையாமல், ஒரு பக்கச் சுவர் இதழ்களை அழுத்துமாறு அமைந்திருக்கும். இதழ்களுக்கு இடைப்பட்ட வெளி விரியும்போது நீர் உறிஞ்சப்படுகின்றது. சுருங்கும்போது வெளியே தள்ளப்படுகின்றது. இதழ்களுக்கு உயவுப்பொருளாக விளங்குவதும் அந்நீரே. நீரின்றி ஓடினால் உராய்வு வெப்பத்தால் சில பத்து வினாடிகளிலேயே இதழ்கள் கருகவோ கிழியவோ கூடும். வெளியிணைப்பு இயந்திரத்தைத் தரையில் வைத்துச் சோதனைக்காக முடுக்கக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

அறிகுறிகள்

- வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டுதல் அல்லது எச்சரிக்கை ஒலி எழுதல்
- அடையாளத் தாரை மெலிதல், விட்டுவிட்டு வருதல், நின்றுபோதல், ஆவியுடன் வருதல்
- புகைக்குழாய் வாயில் நீர் குறைந்து, வெண்ணிற ஆவி மிகுதியாக வெளிவருதல்
- புகைச் சத்தம் வழக்கத்திற்கு மாறாக உரத்தும் வறண்டும் கேட்டல்
- ரப்பர் கருகும் மணம்

இவ்வறிகுறிகளைத் தனித்தனியே நம்புதல் தகாது. தாரை நின்றாலும் பம்பு நன்றாக இருக்கலாம். அத்துளையில் மட்டும் மணலோ உப்போ பூச்சிக்கூடோ அடைத்திருக்கக்கூடும். மெல்லிய கம்பியால் துளையைத் துப்புரவு செய்து பார்ப்பது முதற்சோதனையாகும். மாறாக, தாரை நன்றாக வந்தாலும் இயந்திரத்தின் உட்பாதை அடைபட்டிருக்கலாம். வெப்பமானியும் தவறாகக் காட்டக்கூடும். நன்னீர்ச் சுற்றில் நீர் ஒழுகித் தீர்ந்துவிட்டால், உணரி நீரில் மூழ்காமையால் முள் குறைந்த வெப்பநிலையைக் காட்டலாம்.

எப்போது சூடாகிறது என்பதும் ஒரு தடயமாகும். மெதுவாக ஓடும்போது சூடாகி, வேகம் கூட்டினால் குளிருமாயின் தேய்ந்த இம்பெல்லரை ஐயுறலாம். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து வேகத்தில் மட்டும் சூடாகுமாயின் பாதையில் பகுதியளவு அடைப்பு இருக்கலாம். அல்லது உறிஞ்சும் குழாய் உள்நோக்கிச் சப்பையாகலாம். வெளியிணைப்பு இயந்திரம் அளவுக்கு மேல் உயரமாகப் பொருத்தப்பட்டிருந்தால், வேகத்தில் அதன் நுழைவுத் துளைகள் நீருக்கு வெளியே வந்து காற்றை உறிஞ்சுவதும் உண்டு.

கடலில் உடனடியாகச் செய்யவேண்டியவை

வேகத்தைக் குறைத்து, படகு ஆபத்தான இடத்தில் இல்லையெனில் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். ஆழம் குறைந்த இடமாயின் நங்கூரம் இடுவது நன்று. வெளியிணைப்பு இயந்திரத்தை நிறுத்தியபின் மேலே சாய்த்து, நுழைவுத் துளைகளில் நெகிழிப்பையோ பாசியோ வலைத்துண்டோ ஒட்டியிருக்கின்றதா எனப் பார்க்கலாம். உள்ளிணைப்பு இயந்திரமாயின், அது அதிகம் சூடாகும் முன்னர், சிறிது நேரம் பின்னோக்கி இயக்கினால் நுழைவாயிலில் ஒட்டிய பை விலகக்கூடும்.

நன்னீர்ச் சுற்றின் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கக்கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் கொதித்துச் சீறி முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும்.

வரிசைமுறைச் சோதனை

பின்வரும் படிகள் உள்ளிணைப்பு இயந்திரத்திற்கு உரியவை. எளியதும் செலவற்றதும் முதலில் வருமாறு அமைந்துள்ளன.

அடைப்பு வால்வு: இது திறந்திருக்கின்றதா என்று முதலில் பார்க்கவேண்டும். வால்வை மூடிவிட்டுச் சென்றவர் மறுநாள் திறக்க மறப்பது அரிதன்று.

வடிகட்டி: வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து கூடையைக் கழுவவேண்டும். பாக்கு விரிகுடா போன்ற ஆழம் குறைந்த, கடற்புல் மிகுந்த நீர்ப்பரப்புகளில் கூடை விரைவில் நிரம்பும். சொறிமீன்களும் (இழுதுமீன்) அடைப்பை ஏற்படுத்தும். மூடியைத் திரும்பப் பொருத்தும்போது அதன் ரப்பர் வளையம் சரியாக அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. அங்கே சிறு இடைவெளி இருந்தாலும் பம்பு நீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். இவ்விடத்தில் நீர் ஒழுகாமல் காற்று மட்டும் உட்புகுவதால் இப்பழுது கண்ணுக்கு எளிதில் தென்படாது.

நுழைவாயில்: வால்வு மூடிய நிலையில், பம்பிற்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அதன் முனையை நீர்மட்டத்திற்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும். நீர் வலுவாகப் பாய்ந்தால் அதுவரை தடையில்லை. கசிந்து மட்டும் வந்தால் நுழைவாயிலிலோ குழாயிலோ சிப்பி, கொட்டலசு முதலியன வளர்ந்திருக்கலாம். வால்வு பழுதுபட்டால் துளையை அடைப்பதற்கு மரமுளை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டே இச்சோதனையைச் செய்யவேண்டும்.

பம்பு: பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்துள்ளதா எனப் பார்த்தபின், வால்வை மூடிவிட்டு மூடித்தகட்டைக் கழற்றி இம்பெல்லரைச் சோதிக்கவேண்டும். இதழ்களின் அடியில் வெடிப்பு, முனைத் தேய்வு, ஒரே பக்கம் நிலையாக வளைந்திருத்தல் ஆகியன மாற்றவேண்டியதற்கு அடையாளங்கள். இதழ்கள் நன்றாக இருந்தும் நீர் வராவிடில், ரப்பர் தன் நடுவிலுள்ள உலோகக் குமிழிலிருந்து பிரிந்து வழுக்குகின்றதா எனப் பார்க்கவேண்டும். அந்நிலையில் தண்டு சுழலும், இதழ்கள் சுழலா. மூடித்தகட்டில் ஆழமான கீறல்கள் இருந்தாலும் உறிஞ்சும் திறன் குறையும்.

உடைந்த இதழ்கள்: கழற்றிய இம்பெல்லரில் இதழ்கள் குறைந்திருந்தால், குறைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுக்கவேண்டும். அவை நீருடன் சென்று முதலில் எதிர்ப்படும் குறுகிய குழாயில், பெரும்பாலும் குளிர்விப்பானிலோ வெப்பப் பரிமாற்றியின் முகப்பிலோ, தங்கிவிடும். புதிய இம்பெல்லரை மட்டும் பொருத்திவிட்டுச் சென்றால் அடைப்பு அப்படியே இருக்கும். இயந்திரம் மீண்டும் சூடாகும்.

வெப்பப் பரிமாற்றி: இரு முனை மூடிகளையும் கழற்றினால் குழாய்களின் வாய்கள் தெரியும். அங்கே ரப்பர் துண்டுகள், பாசி, உப்புப்படிவு, அரிப்பைத் தடுக்கப் பொருத்தப்படும் துத்தநாகத் தண்டிலிருந்து உதிர்ந்த துண்டுகள் ஆகியன காணப்படலாம்.

புகைக்குழாய் வளைவு: சூடான புகையும் கடல்நீரும் சந்திக்கும் இடமாகையால் இங்கே கரியும் உப்பும் சேர்ந்து இறுகிப் பாதையைச் சுருக்குகின்றன. முந்தைய படிகள் அனைத்தும் சரியாக இருந்தும் நீர் குறைவாக வெளியேறினால் இதனைக் கழற்றிப் பார்ப்பது தக்கது.

தெர்மோஸ்டாட்டும் நன்னீர்ச் சுற்றும்: கடல்நீர் தாராளமாக வெளியேறியும் இயந்திரம் சூடானால் குறை நன்னீர்ச் சுற்றில் இருக்கலாம். நீர்மட்டம், சுழற்சிப் பம்பின் பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திர நீரில் இட்டு, வெப்பமானியுடன் சூடாக்கினால் அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலைக்கு அருகில் திறக்கவேண்டும்.

வெளியிணைப்பு இயந்திரத்திற்கு உரியவை

இவ்வகையில் இம்பெல்லரை அடைய, கியர்ப்பெட்டிப் பகுதியைக் கழற்றி இறக்கவேண்டும். இம்பெல்லரைத் தண்டுடன் பிணைக்கும் சிறு சாவி, அதன் கீழுள்ள உலோகத்தகடு, பம்பிலிருந்து மேலேறும் குழாயின் ரப்பர் வளையம் ஆகிய மூன்றும் ஒருங்கே சோதிக்கத்தக்கன. குழாய் தன் வளையத்தில் சரியாகப் பொருந்தாவிடில் புதிய இம்பெல்லரும் பயன் தராது. பொருத்தும்போது, சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாக இதழ்கள் சாய்ந்திருத்தல் வேண்டும். மணற்கரையிலிருந்து அலைகளின் ஊடே தள்ளிச் செலுத்தப்படும் படகுகளில் மணல் உறிஞ்சப்படுவதால் இம்பெல்லரும் பம்பறையும் விரைவில் தேய்கின்றன.

ஆபத்துகள்

நீரின்றிச் சூடேறிய புகைக்குழாயின் ரப்பர்ப் பகுதி கருகி ஓட்டையாகலாம். அதன் வழியே நிறமும் மணமும் அற்ற நச்சு வளியான கார்பன் மோனாக்சைடு அறைக்குள் பரவக்கூடும்.

இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. முடுக்கும்போது இயந்திரம் பற்றிக்கொள்ளாமல் நெடுநேரம் சுழற்றப்பட்டால், பம்பு ஏற்றும் கடல்நீரை வெளியே தள்ளப் புகையின் விசை இராது. நீர் ஒலியடக்கியில் நிறைந்து, பின்னர் உருளைகளுக்குள்ளேயே புகலாம். ஆகவே மீண்டும் மீண்டும் முடுக்க நேரிடின் அடைப்பு வால்வை மூடிவிட்டு, இயந்திரம் பற்றியவுடன் திறக்கவேண்டும்.

தடுப்பு முறைகள்

- ஒவ்வொரு முறை முடுக்கியதும் அடையாளத் தாரையை அல்லது புகைக்குழாய் வாயைப் பார்த்தல்
- கடலில் ஓடிய வெளியிணைப்பு இயந்திரத்தின் உட்பாதைகளை நன்னீரால் அலசுதல்
- இம்பெல்லரை உற்பத்தியாளர் குறித்த காலத்தில், பொதுவாக ஆண்டுக்கொருமுறை, சோதித்து மாற்றுதல்
- நெடுநாள் ஓடாதிருந்த இயந்திரத்தில் இதழ்கள் வளைந்த நிலையிலேயே இறுகியுள்ளனவா எனப் பார்த்தல்
- துத்தநாகத் தண்டு பாதியளவு கரைந்ததும் மாற்றுதல்
- மாற்று இம்பெல்லர், கேஸ்கெட், பெல்ட், குழாய்க் கிளிப்புகள், அவற்றைக் கழற்றும் கருவிகள் ஆகியவற்றைப் படகிலேயே வைத்திருத்தல்

இம்பெல்லரை மாற்றுவதைக் கரையில் ஒருமுறையேனும் செய்து பழகியிருப்பது நன்று. ஆடும் படகில், சூடான இயந்திரத்தின் அருகில் முதன்முறையாகச் செய்வது கடினம். கழற்றிய பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பார்ப்பதும், பழுது நீக்கியபின் நீர் வெளியேறும் இடத்தில் ஓட்டத்தை நேரில் கண்டு உறுதிசெய்வதும் இப்பணியின் இறுதிப் படிகளாகும்.