பால் மங்கும் எண்ணெய்ப் புட்டியும்

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போகும்போது அம்மா எடுத்துப்போகும் சாமான்கள் எனக்கு இன்னும் வரிசை தப்பாமல் நினைவிருக்கின்றன. உளி, அதைத் தீட்டும் கல், நெற்றி விளக்கு, தோளில் சுமக்கும் காண்டா வாளிகள், ஒட்டுப்பால் போடும் சாக்குப்பை. இவற்றோடு, காலியான கோடாலித் தைலப் புட்டி ஒன்றில் தேங்காய் எண்ணெய். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் புறப்படுமுன் அந்த எண்ணெயை விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் மணிக்கட்டு வரையிலும் தேய்த்துக்கொள்வார். அதை அலங்காரம் என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. உளி தீட்டுவது போல அதுவும் ஒரு வேலை.

எங்கள் ஊரான, மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 1948 ஜூன் 16-லிருந்துதான் தொடங்குவார்கள். அன்று காலை எல்பில் தோட்டத்தில் வாக்கர் துரையும், சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இந்த ஊரின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது அதனால்தான். துரைமார்களின் மரணம் எழுதப்பட்டுவிட்டது. அந்த மரங்களை வெட்டியவர்களின் கையையும் காலையும் பற்றி யாரும் எழுதவில்லை. சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மருந்துக் கடையில் முப்பத்தொரு வருடம் நின்றவள் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து நீண்ட கைகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை நான் சொல்லவேண்டும்.

பிரேசிலிலிருந்து லண்டன் போய்ச் சிங்கப்பூர் வந்த ரப்பர்க் கன்றுகளில் சில 1877-ல் எங்கள் பக்கத்துக் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. விடியுமுன் மரத்துக்குள் பாலின் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏறினால் இறங்கிவிடும். அதனால் இருட்டிலேயே நிரைக்குப் போகவேண்டும். புல்லெல்லாம் பனி. முழங்கால் வரை ஈரம், பிறகு வெயிலில் காய்ந்து, பால் எடுக்கும் நேரத்தில் மறுபடி ஈரம். நனைந்து காய்ந்து நனைந்து காய்கிற தோல்தான் முதலில் வெடிக்கும். இது எங்களுக்கெல்லாம் பார்த்தே தெரியும்.

பால் வடியும் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது பால் கையில் வழியும். சற்று நேரத்தில் அது சவ்வாக ஒட்டிக்கொள்ளும். உரித்தால் ரோமத்தையும் இழுத்துக்கொண்டு வரும். பால் வழியிலேயே உறையாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள். ஸ்டோரில் உறையவைக்க ஆசிட் ஊற்றுவார்கள். அந்த ஆசிட்டின் பெயர் பார்மிக். எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். வெடிப்புக்குள் ஒரு சொட்டு இறங்கினால் ஆயிரம் எறும்பு ஒன்றாகக் கடித்தது போல இருக்கும் என்று ஸ்டோர் வேலைக்காரர்கள் சொல்வார்கள்.

“எண்ணெ போட்ட கையில பாலும் ஒட்டாது, ஆசிட்டும் கேக்காது” என்பது அம்மாவின் நம்பிக்கை. முதல் பாதி முழு உண்மை. எண்ணெய்க் கையிலிருந்து பால் சவ்வு சட்டை கழற்றுவது போல வந்துவிடும். இரண்டாம் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆசிட்டைத் தடுக்க எண்ணெயால் ஆகாது. அதற்குக் கையுறை வேண்டும். உலகத்து மருத்துவமனைகள் ஏராளமாகக் கையுறை வாங்குவது இந்த நாட்டிலிருந்துதான் என்று இப்போது பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பாலை வெட்டிய காலத்தில் அம்மாவின் கையில் ஒரு கையுறையை நான் கண்டதில்லை.

கை கழுவும்போது இன்னொரு சேதம். மண்ணெண்ணெய் தொட்டுப் பிசினை எடுத்துவிட்டு, துணி துவைக்கிற கட்டிச் சவுக்காரத்தாலேயே கையையும் தேய்ப்பார்கள். நல்ல தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மை கொண்டது. சவுக்காரமோ காரம். சட்டையின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அந்தக் காரம் தோலுக்குள் இருக்கும் கொழுப்பையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

இரவில் பாட்டியின் வைத்தியம் நடக்கும். சாமி மாடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார். ஒரு துண்டை நல்லெண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் உருக்கி, ஆறி வெண்ணெய்ப் பதம் வந்ததும் அம்மாவின் குதிகால் வெடிப்பில் அப்புவார். மேலே பழைய காலுறை. சில நாள் மஞ்சளும் சேரும். நாட்டு வைத்தியர் வந்துபோனால் குங்கிலிய வெண்ணெய் கிடைக்கும். குங்கிலியத்தை நல்லெண்ணெயில் கரைத்து, தண்ணீர் விட்டு விட்டுக் கடைந்து வெள்ளையாகத் திரட்டும் மருந்து அது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரிடம் ஊதா மருந்தும் மஞ்சள் மருந்தும் இருந்தன. அவை புண்ணுக்கு. வெடிப்பை யாரும் நோய்க்கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை, அதற்காக ஒரு நாள் லீவும் தந்ததில்லை.

ஆனால் நோய்கள் பல தோல் என்ற வாசல் வழியாகத்தான் வந்தன. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளரின் கையில் ஒருநாள் கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தவறிச் சிந்தியது. அரிப்பெடுத்தது, பிறகு அவர் உடம்புக்குள்ளேயே புழு வளர்ந்தது. அந்தப் புழு தோல் வழியாக நுழைகிறது என்று அவர் 1898-ல் அறிவித்தபோது பலர் நம்பவில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்த தோட்டமக்களிடம் அந்தப் புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. 1915-லிருந்து ராக்கபெல்லர் நிறுவனத்தின் குழு ஒன்று டார்லிங் என்ற மருத்துவரின் தலைமையில் மலாயாவுக்கு வந்து இதைத்தான் ஆராய்ந்தது. தமிழன் சோம்பேறி என்று எழுதிவைத்த துரைமார்கள் உண்டு. இரத்தம் குறைந்தவன் களைத்துத்தான் உட்காருவான்.

தாத்தாவின் இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது, கண்ணாடி போல மினுங்கும். போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தது. மூங்கில் கீறியது என்று மட்டும்தான் அவர் சொல்வார். பட்டினி உடம்பில் ஒரு மூங்கில் கீறல் ஒரே வாரத்தில் எலும்பு தெரியும் புண்ணாகும். அங்கே செத்தவர்களில் எத்தனையோ பேருக்குச் சாவு அப்படித்தான் தொடங்கியது. அந்தத் தழும்பை நாங்கள் தொடுவதை அவர் விரும்பியதில்லை.

மருந்துக் கடைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் இதற்கெல்லாம் ஒரு விளக்கம் இருப்பது எனக்குத் தெரிந்தது. மேல்தோலின் கடைசி அடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்து விளக்கியவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் இலையாஸ். செத்துக் காய்ந்த செல்கள் செங்கல். அவற்றை ஒட்டவைக்கும் சாந்து மூன்று கொழுப்புகளால் ஆனது: ஏறத்தாழப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்டிரால், மீதியில் பெரும்பங்கு கொழுப்பமிலங்கள். சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் விஷம் உள்ளே வரும். மூன்றில் ஒன்றை மட்டும் தனியாகப் பூசினால் சுவர் தேறுவது தாமதமாகிறது, சரியான கலவையில் மூன்றும் சேர்ந்தால்தான் வேகமாகத் தேறுகிறது என்று அவருடைய குழு 1990-களில் கண்டது. செராமைடு கிரீமை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு லயத்து வீட்டின் காரை பெயர்ந்த சுவர் நினைவுக்கு வரும்.

பாட்டியின் மெழுகும் எண்ணெயும் அந்தச் சாந்து அல்ல. அது மேலே இழுத்துக் கட்டிய தார்ப்பாய். ஆனால் தார்ப்பாய் கட்டினால் ஈரம் போகாமல் உள்ளே சுவர் தானே இறுகும். தோலும் அப்படித்தான், ஈரம் தங்கினால் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். வாசலினும் இந்த வகைதான். பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகள் பம்புக் கம்பியில் படிந்த பசையை எடுத்துத் தங்கள் வெட்டுக்காயத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த ராபர்ட் செஸ்பரோ சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். கண்டுபிடித்தது தொழிலாளியின் கை. தேங்காய் எண்ணெய்க்கும் சாட்சி உண்டு. வறண்ட தோலுக்கு அது கனிம எண்ணெய் அளவுக்கே உதவுவதாக 2004-ல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 34 பேரிடம் பார்த்து எழுதினார்கள். எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெய் இந்தச் சுவரைத் தளர்த்துகிறது என்பதால் கைக்குழந்தைகளுக்குத் தேய்க்க அதைக் கேட்டு வந்தவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

என்னை இன்றும் உறங்கவிடாதது என் சின்னம்மாவின் கை. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு அவர் மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். அந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான். முதுகில் பம்பு, மூடி சரியில்லாத பம்பிலிருந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லி வழிந்து முதுகை நனைக்கும். நல்ல தோலில் அந்த நஞ்சு மிகச் சொற்பமே இறங்கும். வெடித்த தோலில் அதிகம் இறங்கும், உயிரையும் எடுத்திருக்கிறது. அந்த நஞ்சே தோலைப் புண்ணாக்கி, தனக்கு வழியையும் திறந்துகொள்ளும். சின்னம்மாவின் மூன்று விரல் நகங்கள் வெளுத்துக் கழன்றன. தோட்டத்தில் கேட்டதற்கு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று சொன்னார்கள். தெனகானித்தா என்ற பெண்ணுரிமை அமைப்பு இத்தகைய பெண்களைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2002-ல் வந்தது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடை செய்தது; 2006-ல் தடையைத் தளர்த்தியது; 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. சின்னம்மா அந்தத் தேதியைப் பார்க்க இருக்கவில்லை.

அதே செம்பனைக் கொட்டையையும் பழத்தையும் பிழிந்த எண்ணெயிலிருந்து கிளிசரின் பிரித்தெடுக்கிறார்கள். காற்றிலிருந்தும் உள்தோலிலிருந்தும் ஈரத்தை இழுத்து மேல்தோலில் நிறுத்தும் பொருள் அது. இன்றைக்கு எந்தக் கிரீம் குழாயைத் திருப்பிப் பார்த்தாலும் தண்ணீருக்கு அடுத்த பெயர் பெரும்பாலும் அதுதான். ஈப்போவில் பேரங்காடியில் அந்தக் குழாயை எடுத்துப் பார்க்கும் பிள்ளைகளிடம், இது உங்கள் பாட்டிமார் நடந்த மண்ணில் விளைந்தது என்று நான் சொல்லாமல் விட்டதில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. போன மாதம் பணம் எடுக்க வங்கிக்கு அழைத்துப்போனேன். அடையாள அட்டையைச் செருகிவிட்டுப் பெருவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். இயந்திரம் ஏற்கவில்லை. உளிப்பிடி அழுத்தி அழுத்தி ரேகை தேய்ந்துபோன விரல், மேலே வறட்சி வேறு. இரண்டாவது முறையும் சிவப்பு விளக்கு. கவுண்டர்ப் பெண் துணியால் துடைக்கச் சொன்னாள். துடைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். கைப்பையிலிருந்த கிளிசரின் கிரீமில் ஒரு துளி எடுத்து அந்தப் பெருவிரலில் தேய்த்தேன். அம்மா முகர்ந்து பார்த்து, “எண்ணெ வாசமே இல்லையே” என்றார். ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது.