நட்ட மரமும் காத்த சட்டமும்

அசோகர் சாலையோரங்களில் மரம் நட்டார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால், நட்ட மரத்தைப் பின்னர்க் காத்தவர் யார், வெட்ட வந்த கையைத் தடுத்தது எது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. நகரத்து மரத்தின் வாழ்நாள் அவ்வினாவின் விடையிலேயே அடங்கியுள்ளது. சிங்கப்பூரின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அன்றைய பிரதமர் திரு. லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1967இல் பூங்கா நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பரில் முதலாவது மரம் நடும் நாளன்று டாக்டர் கோ கெங் சுவீ ஃபேபர் மலையில் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை நட்டார்.

ஆயினும், வளரும் நகருக்கு வீடும் வேண்டும், சாலையும் வேண்டும். நிலமோ குறைவு. கட்டடம் எழும் இடத்தில் முதலில் வீழ்வது மரமே அன்றோ? ஆர்வம் மட்டும் அதனைக் காவாது. ஆகவே, 1975இல் பூங்காக்கள், மரங்கள் சட்டம் பிறந்தது. சாலை, குடியிருப்பு, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றை அமைப்போர் மரங்களுக்கென இடம் ஒதுக்க வேண்டும் என அது விதித்தது. மிஞ்சிய இடத்தில் மரம் என்னும் நிலை மாறி, வரைபடத்திலேயே மரம் இடம்பெற்றது. 1991இல் மரப் பாதுகாப்பு வட்டாரங்கள் இரண்டு வகுக்கப்பட்டன. அங்கே ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தைத் தம் நிலத்தில் நின்றாலும் இசைவின்றி வெட்டலாகாது. 2001இல் முதுமரங்களைப் போற்றும் மரபுடைமை மரத் திட்டமும் வந்தது.

தீபகற்ப மலேசியாவிலும் இவ்வழியே பின்பற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1995இல் திருத்தப்பட்டது. 0.8 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்றாயிற்று. பட்ட மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இச்சட்டங்கள் மரத்தை அளவுநாடா கொண்டு மதிக்கின்றன. அவ்வளவை எட்டாத இளமரத்திற்கு, தனியார் நிலத்தில் உடையவரின் நல்லெண்ணமே காவல். ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரை ஒருநாள் பள்ளி வளாகத்து மரங்களின் சுற்றளவை அளக்கச் செய்யலாம். சட்டம் காக்கும் மரம் எது, தாம் காக்க வேண்டிய மரம் எது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்வார்கள்.